மிட்டாய் மெஷின் ரூட்: முதலில் இடம், அப்புறம்தான் மெஷின்

அமெரிக்காவில் லாண்டரோமேட் (காசு போட்டுத் துணி துவைக்கும் கடை), டயர் கடை, முடிவெட்டும் கடை என்று எதற்குள் நுழைந்தாலும் ஓரமாக ஒற்றைக் கம்பிக்காலில் மூன்று தலையோடு, அதாவது மூன்று மிட்டாய்க் கிண்ணத்தோடு, ஒரு மெஷின் நிற்கும். குவார்ட்டர் என்கிற 25 சென்ட் காசைச் செருகிப் பிடியைத் திருகினால் உள்ளங்கையில் ஸ்கிட்டில்ஸ் மிட்டாய் கொட்டும். கரண்ட் வேண்டாம், வைஃபை வேண்டாம். 1888-லேயே நியூயார்க் மேம்பால ரயில் நடைமேடைகளில் தாமஸ் ஆடம்ஸ் கம்பெனி சூயிங் கம் மெஷின் வைத்துவிட்டது. அன்றைக்கும் இன்றைக்கும் காசு போட்டால் சரக்கு விழும் என்ற சங்கதி மாறவில்லை.

எனக்குச் சொந்த ஊர் கரூர். இப்போது நியூஜெர்சி எடிசனில் இருந்துகொண்டு பிஸ்காட்டவே, சவுத் பிளெயின்ஃபீல்ட், நியூ பிரன்ஸ்விக் பக்கம் இப்படி ஒரு ரூட் நடத்துகிறேன்: பல கடைகளில் மெஷின் வைத்து, சுற்றி வந்து சரக்கு நிரப்பிக் காசு எடுப்பது. தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவுக்குப் போனால்கூடப் பந்தியில் உட்கார்ந்ததும் யாராவது ஆரம்பித்துவிடுகிறார்கள், "அக்கா, அந்த மிட்டாய் மெஷின் எப்படி ஆரம்பிக்கிறது?" என்று. சாம்பார் ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலில் விசா. எச்-1பி வேலை விசாவில் இருப்பவர் விசா வாங்கிக் கொடுத்த கம்பெனிக்குத்தான் வேலை செய்யலாம். சனிக்கிழமை நாலு கடை சுற்றிக் காசு அள்ளுவதும் வேலைதான். கிரீன் கார்டு, குடியுரிமை இருந்தால் பிரச்சினை இல்லை. எச்-1பி-காரரின் துணைக்குக் கிடைக்கும் எச்-4 என்றால் கையில் ஈஏடி என்ற வேலை அனுமதி அட்டை இருக்க வேண்டும். 2015-லிருந்துதான் அந்த வழியே திறந்தது, அதுவும் கணவரின் கிரீன் கார்டு விண்ணப்பம் குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால்தான். என் ரூட் ஈஏடி-யில் ஓடுகிறது. வீட்டுக்காரர் எச்-1பி. மிட்டாய்ப் பெட்டி தூக்கக்கூட அவரைக் கூப்பிடுவதில்லை. "மெஷின் மனைவி பேரில், சுற்றுவது நான்" என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

காகித வேலை அதிகமில்லை. நியூஜெர்சியில் எல்எல்சி என்ற சிறு கம்பெனி பதிய 125 டாலர், வருடாந்தர அறிக்கைக்கு 75 டாலர். ஈஐஎன் என்ற தொழில் வரி எண்ணை ஐஆர்எஸ் (மத்திய வரித்துறை) இணையதளத்தில் இலவசமாகவே எடுக்கலாம், அதற்குப் பணம் கேட்கும் தளங்களை மூடிவிடுங்கள். விற்பனை வரிக்கும் பதிய வேண்டும். இங்கே மளிகைக்கு வரி கிடையாது, மிட்டாய்க்கு உண்டு. மாவு கலந்திருந்தால் சட்டப்படி அது மிட்டாயே இல்லை என்று ஒரு கூத்தும் உண்டு. மெஷின் வழி விற்பனைக்குத் தனி விதி இருப்பதால் கணக்காளரிடம் ஒரு தடவை உட்கார்ந்து தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இது தவிர, சில ஊர்களில் மெஷினுக்கு இவ்வளவு என்று வருடக் கட்டணம் கேட்பார்கள். மெஷினை இறக்குவதற்கு முன்னால் அந்த ஊர் முனிசிபல் கிளார்க் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.

பேங்க் கணக்கு திறக்கும்போது வட்டியைக் கேட்காதீர்கள், சில்லறை வாங்குவார்களா என்று கேளுங்கள். சில கிளைகளில் காகிதச் சுருளில் ரோல் போட்டுத்தான் தரவேண்டும், சில இடங்களில் மூட்டையாகவே எடுத்துக்கொள்வார்கள். சூப்பர் மார்க்கெட் வாசலில் நிற்கும் காசு எண்ணும் மெஷினில் கொட்டி ரொக்கம் வாங்கினால் பத்து சதவீதத்துக்கு மேல் பிடித்துக்கொள்ளும். அது உங்கள் லாபத்திலிருந்துதான் போகும்.

இனி, எச்சரிக்கை. ஹோட்டல் ஹாலில் காபி கொடுத்து, "30 மெஷின், இடமும் நாங்களே பிடித்துத் தருகிறோம், மாதம் 3,000 டாலர் நிச்சயம்" என்று பேக்கேஜ் விற்பார்கள். எஃப்டிசி-யின் (மத்திய வர்த்தக ஆணையம்) பிசினஸ் ஆப்பர்ச்சூனிட்டி விதிப்படி, அப்படி விற்பவர் நீங்கள் கையெழுத்துப் போடுவதற்கோ பணம் கட்டுவதற்கோ குறைந்தது 7 நாள் முன்பே வெளிப்படுத்தல் தாள் ஒன்றைத் தர வேண்டும். வருமானம் இவ்வளவு என்று வாயைத் திறந்தால் அதற்கு எழுத்தில் ஆதாரமும் தர வேண்டும். அந்தத் தாளைக் கேளுங்கள். பேச்சு மாறினால் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

மெஷினைப் பழையதாக வாங்குங்கள். ரூட்டை விட்டுவிட்டுப் போகிறவர்கள் ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலும் கிரெய்க்ஸ்லிஸ்டிலும் கராஜில் அடுக்கிய படம் போட்டிருப்பார்கள். நார்த்வெஸ்டர்ன், ஓக், பீவர் போன்ற உலோக உடம்பு மெஷின்கள் பல வருடம் உழைக்கும், உதிரி பாகமும் கிடைக்கும். பிளாஸ்டிக் உடம்பு விலை குறைவு, ஆனால் ஒரு பையன் உதைத்தால் காலில் விரிசல் விட்டுவிடும். வாங்கும்போது பையில் பத்து குவார்ட்டர் எடுத்துப் போங்கள். ஒவ்வொரு தலையிலும் போட்டுத் திருகிப் பாருங்கள். பிடி வழுக்காமல் கடகடவென்று ஒரே சீராகச் சுற்ற வேண்டும். சாவி இருக்கிறதா, எல்லாப் பூட்டும் ஒரே சாவியில் திறக்கிறதா என்று பாருங்கள். சாவி இல்லாத மெஷினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் பூட்டு மாற்றும் செலவைக் கழித்துத்தான் விலை பேச வேண்டும்.

ஆனால் இதெல்லாம் இடம் கிடைத்த பிறகு. நிறையப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள்: மெஷின் கராஜில் நிற்கும், இடம் தேடி அலைவார்கள். அவசரத்தில் யார் சரி என்றாலும் அங்கே இறக்கிவிடுவார்கள்.

இடம் எப்படி இருக்க வேண்டும்? மனிதர்கள் வேறு வழியில்லாமல் உட்கார்ந்து காத்திருக்கும் இடமாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் சூத்திரம். டயர் கடை, ஆயில் மாற்றும் கடை, லாண்டரோமேட், குழந்தைகளுக்கும் முடிவெட்டும் கடை, பார்சலுக்குக் காத்து நிற்கும் பீட்சா கடை. தொழிற்சாலை ஊழியர்களின் ஓய்வறையும் நன்றாக ஓடும், அங்கே குழந்தையே கிடையாது; இரவு ஷிப்ட்காரர்கள்தான் வாடிக்கை. மளிகைக் கடை கூட்டமாக இருக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள். கூட்டம் நடந்துகொண்டே இருக்கிறது, நிற்பதில்லை. பக்கத்து அலமாரியில் அதே மிட்டாய் பாக்கெட்டில் இருக்கிறது. பெரிய செயின் கடைகளில் மேலாளருக்கு அதிகாரம் இருக்காது, தலைமையகத்துக்கு மின்னஞ்சல் போட்டுக் காத்திருப்பது வீண். முதலாளியே கல்லாவில் உட்கார்ந்திருக்கும் கடையாகப் பாருங்கள்.

கேட்கப் போகும் நேரம் முக்கியம். செவ்வாய், புதன் காலை பத்துக்கு மேல் போங்கள். சனிக்கிழமை எந்த டயர் கடைக்காரரும் உங்களிடம் பேசமாட்டார். போனில் கேட்காதீர்கள். போனில் இல்லை என்று சொல்வது சுலபம். ரூட் 27 ஓரம் ஒரு டயர் கடையில் நான் பேசியது ஏறக்குறைய இப்படித்தான்:

"சார், இந்த வெயிட்டிங் ரூமில் ஒரு மிட்டாய் மெஷின் வைக்கலாமா? இரண்டடி இடம் போதும், கரண்ட் வேண்டாம். நானே வந்து நிரப்பி, துடைத்து, காசை உங்கள் முன்னால் எடைபோட்டுக் கால் பங்கு கொடுத்துவிடுவேன்."

"ரிப்பேர் ஆனால்? ஜனங்க என்னைத் திட்டுவாங்களே."

"மெஷின் மேல் என் நம்பர் இருக்கும். இந்த உறையில் நாலு டாலர் சில்லறை வைக்கிறேன். யார் காசு மாட்டிக்கொண்டாலும் இதிலிருந்து கொடுத்துவிடுங்கள்."

அந்த உறைதான் காரியத்தை முடித்தது. கடைக்காரருக்குக் கமிஷன் பெரிய தொகையில்லை, அவருக்குத் தலைவலி வரக்கூடாது, அதுதான் கவலை. ஒரு பக்க ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்: மெஷின் உங்களுடையது, கமிஷன் இத்தனை சதவீதம், இரு தரப்பும் எப்போது வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளலாம். நாளைக்குக் கடை கைமாறினால் புது முதலாளியிடம் காட்ட அது வேண்டும்.

சிலர் கமிஷன் கொடுக்காமல், ஏதாவது அறக்கட்டளையின் ஸ்டிக்கரை ஒட்டி இடம் பிடிப்பார்கள். அறக்கட்டளைக்கு மெஷினுக்கு மாதம் ஒரு சிறு தொகை போகும், மீதி நடத்துபவருக்கு. ஒப்பந்தம் இருந்தால் செய்யலாம்தான். எனக்குப் பிடிக்காது. காசு போடும் பாட்டி மொத்தமும் நோயாளிக் குழந்தைக்குப் போகிறது என்று நினைத்துத்தான் போடுகிறார்.

சரக்குக்கு வருவோம். இங்கேதான் பழைய யூடியூப் வீடியோக்கள் உங்களைக் கவிழ்க்கும். வேர்க்கடலை வைத்த சாக்லேட்டான பீனட் எம் அண்ட் எம் தான் ராஜா என்பார்கள். 2024-ல் கோகோ விலை டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டிப் போன பிறகு அந்தக் கணக்கு மாறிவிட்டது. ஒரு பவுண்டு 5 டாலர் என்று வையுங்கள். ஒரு திருகலுக்கு ஏழு மிட்டாய் விழுந்தால் சுமார் 17 கிராம், அதாவது 19 சென்ட். 25 சென்ட் வாங்கி 19 சென்ட் சரக்கைக் கொடுத்து, அதில் கமிஷனும் கொடுத்தால் கைக்காசு போகும். சாக்லேட் வேண்டுமென்றால் அந்தத் தலைக்கு மட்டும் 50 சென்ட் காயின் மெக் (காசை வாங்கித் திருகவிடும் பாகம்) மாற்றுங்கள். அதற்கு ஜனங்கள் முணுமுணுப்பதில்லை.

என் கை வழக்கம் இது: ஒரு தலையில் கம் பால் (உருண்டைச் சூயிங் கம்), ஒன்றில் ஸ்கிட்டில்ஸ் அல்லது மைக் அண்ட் ஐக் மிட்டாய், மூன்றாவது இடத்துக்குத் தகுந்தபடி. 850 எண்ணிக்கைப் பெட்டி கம் பால் 40 டாலருக்கு வாங்கினால் ஒன்று 5 சென்ட்டுக்கும் கீழே. அளவு தவறாது, கெடுவதும் மெதுவாக. லாண்டரோமேட்டில் மூன்றாவது தலைக்கு ரப்பர் துள்ளுபந்து போடுங்கள், காலாவதியே இல்லை. ஆனால் 1.75 அங்குலத்துக்குச் சிறிய பந்து என்றால் மூன்று வயதுக்குக் கீழ் தொண்டையில் அடைக்கும் என்ற எச்சரிக்கை மெஷின் மேலேயே ஒட்டியிருக்க வேண்டும், 1994-லிருந்து சட்டம். வேர்க்கடலை இருக்கும் தலையில் அலர்ஜி எச்சரிக்கை ஒட்டுங்கள். கராத்தே வகுப்பு, நடன வகுப்பு மாதிரி இடங்களில் கடலையே வேண்டாம்.

ஜன்னல் வெயில் படும் இடத்தில் மெஷினை வைக்காதீர்கள். ஸ்கிட்டில்ஸ் வெளுத்துப் போகும். ஜூலை புழுக்கத்தில் ஏசி இல்லாத கடையில் மைக் அண்ட் ஐக் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கீழே சக்கரம் சுற்ற, மேலே குகை மாதிரி நிற்கும். பார்ப்பவருக்குத் தலை நிறையச் சரக்கு, திருகினால் ஒன்றும் விழாது. அதனால் வெயில் காலத்தில் பாதிக்கு மேல் நிரப்பமாட்டேன்.

சுற்றுக்குப் போகும்போது காரில் இருக்க வேண்டியவை: சாவிக்கொத்து, எண்ணெய் படாத கிராஃபைட் பொடி (பூட்டுக்கு எண்ணெய் விட்டால் சர்க்கரைத் தூசியோடு சேர்ந்து பசையாகிவிடும்), சிறு பிரஷ், வினிகர் கலந்த தண்ணீர், துணி, உபரி காயின் மெக் ஒன்று, ஜிப் பை, சமையலறைத் தராசு. போனதும் முதல் வேலை துடைப்பது. மிட்டாய் விழும் வாயின் மூடியில் குழந்தைகள் விரல்பட்டு ஒரு பிசுபிசுப்பு படிந்திருக்கும், அதைப் பார்த்தே பெரியவர்கள் "வேண்டாம் வா" என்று இழுத்துப் போய்விடுவார்கள். பிறகு தலையைக் கழற்றி நிரப்புங்கள். பழையதை மேலே வரும்படி கிளறாதீர்கள்: சரக்கு அடியிலிருந்துதான் விழும். எனவே பழையது அடியில், புதியது மேலே. கடைசியில் சொந்தக் காசு போட்டு ஒவ்வொரு தலையையும் ஒரு முறை திருகி, விழுவதை எண்ணுங்கள். சக்கரத்தின் அளவுத் தகடு நகர்ந்திருந்தால் அங்கேயே தெரியும்.

காசை எண்ண வேண்டாம். ஒரு குவார்ட்டர் 5.67 கிராம், 80 குவார்ட்டர் சரியாக ஒரு பவுண்டு, அதாவது 20 டாலர். கடைக்காரர் முன்னால் தராசில் வைத்துக் காட்டி, அவர் பங்கை அங்கேயே நோட்டாகக் கொடுத்து, தேதி போட்டுக் குறித்துக்கொள்வேன். அவருக்கும் நம்பிக்கை, எனக்கும் கணக்கு.

வருமானத்தைக் கற்பனையில்லாமல் போட்டுப் பார்ப்போம். ஒரு மூன்று தலை மெஷின் மாதம் 24 டாலர் தருகிறது என்றால் சரக்குக்கு 7, கமிஷன் 6 போக 11 நிற்கும். முப்பது மெஷின் என்றால் 330. அதில் பெட்ரோல், வரி, இன்சூரன்ஸ் போக வேண்டும். மைல் கணக்கை ஒழுங்காக எழுதிவைத்தால் வரியில் கழிக்கலாம். 2025-க்கு ஐஆர்எஸ் விகிதம் மைலுக்கு 70 சென்ட்டாக இருந்தது. வேலையை விட்டுவிட்டுச் செய்யும் தொழில் இல்லை இது.

அதனால் வளர்ப்பது என்றால் மெஷினைக் கூட்டுவது என்று மட்டும் நினைக்காதீர்கள். முதலில் நகர்த்துங்கள். மூன்று சுற்று பார்த்தும் 8 டாலரைத் தாண்டாத மெஷினைக் கடைக்காரருக்கு நன்றி சொல்லித் தூக்கிவிடுங்கள். அவர் எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் சரி, தெரிந்தவர் கடையாக இருந்தால் இன்னும் சீக்கிரம். ஒரே சாலையில் நாலு கடை இருப்பது, நாலு ஊரில் நாலு கடை இருப்பதைவிட மேல். நன்றாக ஓடும் இடத்தில் பக்கத்திலேயே இரண்டு அங்குலக் கேப்ஸ்யூல் பொம்மை மெஷின் ஒன்றைக் கேட்டு வையுங்கள். அதில் ஒரு திருகலுக்கு ஒரு டாலர், புது இடம் தேடும் அலைச்சல் மிச்சம்.

கொஞ்சம் கை பழகிய பிறகு, அடுத்தவர் ரூட்டை விலைக்கு வாங்கலாம். மெஷின் எண்ணிக்கையைப் பார்த்து விலை பேசாதீர்கள். ஒரு வருடக் கலெக்‌ஷன் நோட்டைக் கேளுங்கள், பிறகு அவரோடு ஒரு சுற்று முழுக்கக் கூடவே போய் ஒவ்வொரு தலையிலும் காசும் மிட்டாயும் எவ்வளவு இருந்தது என்று நீங்களே எடை போடுங்கள். கடைசி நேரத்தில் அவரே காசு போட்டு நிரப்பியிருந்தால் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: காசு நிறைய இருக்கும், மிட்டாய் அதற்குத் தகுந்த அளவு குறைந்திருக்காது.