சொல்லிசைப் பாடலை வெளியிடும் முன் உரிமையை எழுதிக்கொள்ளுங்கள்

கிறிஸ்தவச் சொல்லிசைப் (ராப்) பாடல் ஒன்றைச் சிங்கப்பூரிலிருந்து வெளியிட நினைக்கும் இளையர்கள் முதலில் கேட்பது, எந்த விநியோக நிறுவனம் நல்லது என்பதைத்தான். அதற்கும் முன்னால் தெளிவாக வேண்டியது, பாடல் யாருடையது என்பது. 2004இல் அமெரிக்காவில் கிறிஸ்தவச் சொல்லிசைக் கலைஞர் லெக்ரேயும் பென் வாஷரும் ரீச் ரெக்கார்ட்ஸ் என்ற இசை நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அந்தச் சிறு நிறுவனத்திலிருந்து வந்த லெக்ரேயின் ‘அனாமலி’ என்ற இசைத்தொகுப்பு 2014இல் அமெரிக்காவின் பில்போர்டு 200 இசைத்தொகுப்புப் பட்டியலின் முதலிடத்தில் அறிமுகமானது. பெரிய நிறுவனத்தின் தயவை எதிர்பார்த்து நிற்க வேண்டாம் என்ற நம்பிக்கையை அது பலருக்குத் தந்தது. இன்று டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் போன்ற இணைய விநியோகச் சேவைகளால் வீட்டிலிருந்தே பாடலை வெளியிட முடிகிறது. ஆனால் முன்பு நிறுவனங்கள் பார்த்துக்கொண்ட உரிமைக் கணக்கும் அதனுடன் நம் தலையில் வந்து சேர்ந்திருக்கிறது.

ஒரு பாடலில் வரிகள், இசை, ஒலிப்பதிவு என மூன்று தனித்தனி உரிமைகள் உண்டு. சிக்கல் பெரும்பாலும் பீட்டில்தான், அதாவது வரிகளுக்குப் பின்னணியாக ஒலிக்கும் இசையில்தான், தொடங்குகிறது. எங்கள் வாலிபர் குழு ஒருமுறை இணையத்தில் பீட் ஒன்றை வாடகை உரிமத்தில் (ஒரே பீட்டைப் பலருக்கும் கொடுக்கும் உரிமம்) வாங்கி, இரண்டு மாதம் உழைத்துப் பாடலை வெளியிட்டது. ஒன்பதாம் நாள் யூடியூப்பில் எங்கள் காணொளியின்மேல் உரிமைக் கோரல் வந்தது. அதே பீட்டை வாடகைக்கு எடுத்த வேறொருவர் தம் பாடலை, ஒரே ஒலி வரும் காணொளிகளைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூப்பின் கன்டென்ட் ஐடியில் பதிந்திருந்தார். ஆகவே வாங்கும்போதே உரிமம் தனியுரிமமா, எத்தனை கேட்புகள்வரை செல்லும், கன்டென்ட் ஐடியில் பதிய அனுமதி உண்டா என்ற மூன்றையும் படித்துப் பாருங்கள். வாடகை பீட்டாக இருந்தால் விநியோகச் சேவையில் கன்டென்ட் ஐடி தெரிவைத் தொடாதீர்கள். தொட்டால் அதே துன்பம் உங்களால் இன்னொருவருக்கு நேரும்.

பீட் நண்பர் செய்தது என்றாலும் எழுதிக்கொள்ளுங்கள். ஊழியத்தில் பணப்பேச்சு எதற்கு என்று சபைகளில் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தால் அண்ணன் தம்பியாகப் பழகியவர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். ஒரே தாளில் பாடலின் பெயர், வரிகள் எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர், ஒலிப்பதிவுச் செலவு ஏற்றவர், ஒவ்வொருவருக்கும் எத்தனை விழுக்காடு என்பவற்றை எழுதி அனைவரும் கையொப்பமிட்டால் போதும். வருமானம் முழுவதையும் காணிக்கையாகக் கொடுப்பதென்றால் அதையும் எழுதுங்கள். சிங்கப்பூரில் 2021 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஒலிப்பதிவைப் பணம் கொடுத்துச் செய்யச் சொன்னாலும், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் அதை உருவாக்கியவரே முதல் உரிமையாளர். ஸ்டூடியோவுக்குக் கட்டணம் செலுத்திவிட்டதால் பதிவு நம்முடையது என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

பழைய கீர்த்தனை வரியைப் பல்லவியாக வைக்கும் ஆசை நம்மில் பலருக்கு உண்டு, அது அழகான ஆசையும்கூட. கிறிஸ்தவக் கீர்த்தனைகள் பல இயற்றிய தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் 1864இல் மறைந்தார். ஆசிரியர் இறந்தபின் 70 ஆண்டுகள் என்ற காலவரம்பு எப்போதோ கடந்துவிட்டதால் அவர் வரிகளைத் தாராளமாக எடுத்தாளலாம். ஆனால் அவற்றை இக்காலத்தில் யாரேனும் பாடிப் பதிந்த ஒலியிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுக்க அனுமதி வேண்டும். நீங்களே புதிதாகப் பாடிப் பதிந்துகொள்வது எளிது.

உரிமை தெளிவானதும் வரிகளுக்கும் இசைக்கும் சிங்கப்பூர்ப் பாடலாசிரியர், இசையமைப்பாளர் சங்கமான காம்பஸ் (COMPASS) அமைப்பில் உறுப்பினராகிப் பாடலைப் பதியுங்கள். வானொலியிலோ மேடையிலோ ஒலிக்கும்போது படைப்பாளிக்குரிய தொகையை வசூலித்துத் தருவது அந்த அமைப்பே. ஒவ்வோர் ஒலிப்பதிவையும் அடையாளம் காட்டும், எழுத்தும் எண்ணும் கலந்த 12 இடக் குறியீடான ஐஎஸ்ஆர்சி (ISRC) எண்ணை விநியோகச் சேவையே பெரும்பாலும் தந்துவிடும். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாடல் முந்தைய 12 மாதங்களில் 1,000 கேட்புகளைத் தொட்டால்தான் ஒலிப்பதிவுக்கான பங்கு கிடைக்கும் என்ற விதி 2024இல் வந்ததால், சிறு சபைக்குழுவுக்கு அங்கிருந்து பணம் வரும் என்று கணக்குப் போடாதீர்கள்.

வெளியீட்டுத் தேதிக்குக் குறைந்தது 4 வாரம் முன்னதாகவே பாடலை ஏற்றிவிடுங்கள். ஸ்பாட்டிஃபையில் பாடல் பட்டியல்களைத் (playlist) தொகுக்கும் ஆசிரியர்களுக்குப் பாடலைப் பரிந்துரைக்க 7 நாள் அவகாசமாவது வேண்டும். பெயர் எழுத்துப்பிழையுடன் ஏறியிருந்தால் திருத்தவும் நேரம் இருக்கும்.