வாசிகசாலைக் கணக்கு: வைப்புப்பணத்தைத் தனியாக வைப்பதிலிருந்து தொடங்குங்கள்

உப்புவெளிப் பக்கம் எங்கள் வாசிகசாலைக்கு என்னைப் பொருளாளராகத் தெரிவு செய்தபோது கையில் கிடைத்தவை ஒரு காசோலைப் புத்தகம், பாதி முடிந்த பற்றுச்சீட்டுப் புத்தகம், ஒரு பிஸ்கட் பெட்டி நிறைய பில்கள். கணக்குப் படிக்காதவர்களும் இதைச் செய்யலாம். நான் செய்த முறையை அப்படியே எழுதுகிறேன். சங்கம் பதிவது, வங்கிக் கணக்குத் திறப்பது எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

1. காசேடு

காசு வந்ததையும் போனதையும் எழுதும் புத்தகம்தான் காசேடு. தடித்த அட்டை போட்ட சீ.ஆர். கொப்பி ஒன்று வாங்கி, முதல் நாளே எல்லாப் பக்கங்களுக்கும் இலக்கம் போடுங்கள். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. பேனையால்தான் எழுத வேண்டும். பிழைத்தால் ஒரு கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் ஒப்பம் வையுங்கள். டிபெக்ஸ் பூசவே கூடாது. எக்செல் நல்லதுதான், நானும் மாத முடிவில் அதில் ஏற்றுகிறேன். ஆனால் ஆரம்பத்தில் கொப்பியைத்தான் சொல்வேன். எக்செலில் யார் எதை எப்போது மாற்றினார்கள் என்று எளிதில் தெரியாது, கொப்பியில் வெட்டு தெரியும். கோஹா போன்ற நூலக மென்பொருளில் கொள்வனவு, தண்டப்பணம் எல்லாம் பதியலாம். சில நூறு புத்தகங்கள் உள்ள இடத்துக்கு அது இப்போதைக்குத் தேவையில்லை.

2. வைப்புப்பணம்: நான் விழுந்த இடம்

அங்கத்தவராகச் சேரும்போது ஒருவரிடம் 500 ரூபா வாங்குகிறோம், விலகும்போது திருப்பிக் கொடுக்கிறோம். நான் அதைச் சந்தாவுடன் சேர்த்து வருமானம் என்று எழுதிவிட்டேன்.

ஒக்டோபர் வாசிப்பு மாதம் வந்தது. வங்கியில் 61,350 ரூபா இருந்தது. உற்சாகத்தில் 45,000 ரூபாவுக்குப் புத்தகம் வாங்கினோம். மீதி 16,350. அப்புறம் உயர்தரப் பரீட்சை முடிந்து, ஒரேயடியாக 40 பிள்ளைகள் விலகி வைப்புப்பணத்தைக் கேட்டு வந்தார்கள். கொடுக்க வேண்டியது 20,000. கதவடியில் நின்ற பிள்ளைகளிடம் "அடுத்த கிழமை வாங்கோ" என்று சொன்னது இன்றும் மனதில் உறுத்துகிறது.

உண்மையில் அப்போது 84 அங்கத்தவர்களின் 42,000 ரூபா எங்களிடம் இருந்தது. அது வாசிகசாலையின் காசு அல்ல, நாங்கள் கொடுக்க வேண்டிய கடன். 61,350இல் எங்களுடையது 19,350 மட்டுமே. புத்தகம் வாங்கும் தீர்மானத்தை அந்த 19,350ஐ வைத்துத்தான் எடுத்திருக்க வேண்டும்.

இப்போது வைப்புப்பணத்துக்குத் தனிச் சேமிப்புக் கணக்கு, தனிப் பதிவேடு. பெயர், பற்றுச்சீட்டு இலக்கம், வாங்கிய திகதி, திருப்பிய திகதி, ஒப்பம். திருப்பாத பெயர்களின் கூட்டுத்தொகையும் அந்தச் சேமிப்பின் முதலும் ஒன்றாக இருக்க வேண்டும். வங்கி தரும் வட்டியை மட்டும் வாசிகசாலை வருமானத்தில் எழுதலாம்.

3. சில்லறைக் காசு

முதலில் ஒருமுறை 3,000 ரூபா நூலகரிடம் கொடுங்கள். மின்குமிழ், கோந்து, தேநீர் எல்லாம் அதிலிருந்து. மாத முடிவில் வவுச்சர்கள் (செலவுச் சீட்டுகள்) 2,640 என்றால் கையில் 360 இருக்க வேண்டும். அந்த 2,640ஐ மட்டும் திரும்பக் கொடுங்கள், மீண்டும் 3,000 ஆகிவிடும். எந்த நாளில் எண்ணினாலும் காசும் வவுச்சரும் சேர்ந்து 3,000.

பழைய பத்திரிகை விற்ற காசை அப்படியே பேப்பர்க்காரருக்குக் கொடுத்துவிடும் பழக்கம் எங்களிடமும் இருந்தது. வேண்டாம். விற்றதை வரவாகவும், கொடுத்ததைச் செலவாகவும் இரண்டு பதிவாக எழுதுங்கள்.

4. புத்தகப் பில்

வாசிகசாலைக்கு வரும் ஒவ்வொரு புத்தகத்தையும் ஒரு இலக்கம் கொடுத்துப் பதியும் புத்தகம் சேர்வுப் பதிவேடு, அந்த இலக்கம் சேர்வு இலக்கம். பில்லில் புத்தகங்களின் சேர்வு இலக்கங்களையும், சேர்வுப் பதிவேட்டில் பில் இலக்கத்தையும் எழுதுங்கள். கணக்காய்வாளர் ஒரு பில்லை எடுத்தால் நேரே அலுமாரிக்குப் போய்ப் புத்தகத்தைத் தொடக்கூடியதாக இருக்க வேண்டும். 1,000 ரூபாப் புத்தகத்தை 15 வீதக் கழிவில் வாங்கினால் காசேட்டில் 850தான். அன்பளிப்புப் புத்தகங்கள் சேர்வுப் பதிவேட்டில் மட்டும் வரும். கடைகளில் இயந்திரம் அடித்துத் தரும் வழுவழுப்பான பில்கள் நம் திருகோணமலை வெயிலுக்குச் சில மாதத்தில் வெள்ளைக் கடதாசியாகிவிடும். அன்றைக்கே போட்டோக் கொப்பி எடுத்து இணைத்து வையுங்கள்.

5. வங்கியோடு ஒப்பிடுதல்

மாதம் ஒருமுறை செய்யுங்கள். காசேட்டின் வங்கி மீதி 18,200, வங்கிக் கூற்றில் 22,950 என்றால் பதற வேண்டாம். புத்தகக் கடைக்கு எழுதிய 5,000 ரூபாக் காசோலை இன்னும் மாற்றப்படவில்லை. வங்கி கட்டணமாகப் பிடித்த 250ஐ நீங்கள் எழுதவில்லை. 22,950இல் 5,000 போக 17,950. 18,200இல் 250 போக 17,950. சரி, கணக்கு ஒத்துவிட்டது. ஆறு மாதம் தாண்டிய காசோலையை வங்கி ஏற்காது, அப்படி ஒன்று கிடந்தால் கடைக்காரரை அழைத்துக் கேளுங்கள்.

பின்சேர்க்கை

மூதூரிலிருந்து ஒரு அக்கா கேட்டிருந்தார்: புத்தகத்தைத் தொலைத்தவரின் வைப்புப்பணத்தில் விலையைக் கழிக்கலாமா? உங்கள் விதிகளில் இடமிருந்தால் கழிக்கலாம். ஆனால் புத்தக விலை 350 என்றால், மீதி 150ஐ மட்டும் கொடுத்ததாக எழுதாதீர்கள். 500ஐ முழுதாகத் திருப்பியதாகவும், புத்தக விலை 350ஐ வரவாகவும் எழுதி, அதற்குப் பற்றுச்சீட்டும் கொடுங்கள். அந்த 350ஐச் சேமிப்புக் கணக்கிலிருந்து நடைமுறைக் கணக்குக்கு மாற்றி, சேர்வுப் பதிவேட்டில் "தொலைந்தது" என்று குறியுங்கள்.

வைப்புப்பணத்தை வாங்காமலே ஊரை விட்டுப் போனவர்களின் காசைப் பொருளாளர் தானாக வருமானத்தில் சேர்க்கக் கூடாது. கடைசி முகவரிக்குக் கடிதம் அனுப்பி, பதில் வராவிட்டால் பொதுக்கூட்டத்தில் தீர்மானம் எடுத்து, அதன் திகதியைப் பெயருக்கு நேரே எழுதுங்கள். எங்கள் பதிவேட்டில் அப்படி 11 பேர் இருக்கிறார்கள். கடிதம் போய்விட்டது, காசு இன்னும் சேமிப்பிலேயே இருக்கிறது.