சொட்டைக்கு வெங்காயம் தேய்ப்பதற்கு முன்னால்

எங்கள் மாமா ஒருவர் ஒரு வருஷம் முழுக்க உச்சந்தலையில் சின்ன வெங்காயம் தேய்த்தார். பல்லடம் பக்கம் தோட்டங்காடு, அறுத்துச் சேர்த்து வைக்கும் பட்டறையில் வெங்காயத்துக்குப் பஞ்சமில்லை. முடி முளைக்கவே இல்லை, நாற்றம் தாங்காமல் அத்தை பாயைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்குப் போனதுதான் மிச்சம். அது நிஜமான வைத்தியம்தான், ஆனால் வேறு விதமான முடி உதிர்வுக்கு உண்டானது.

அதனால் முதலில் கண்ணாடி முன்னால் நின்று நன்றாகப் பாருங்கள். காசு அளவுக்கு வட்டமாக, வழவழவென்று ஓரிடத்தில் மட்டும் முடி போயிருந்தால் அநேகமாகப் புழுவெட்டு (புழு எதுவும் கிடையாது, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடி வேரைத் தாக்குகிறது). நெற்றி மேலே ஏறி, உச்சியில் முடி குறைந்து தோல் தெரிந்தால் பரம்பரைச் சொட்டை. காய்ச்சல், பிரசவம், பட்டினி டயட் என்று ஏதோ ஒன்று ஆகி இரண்டு மூன்று மாதம் கழித்துச் சீப்பில் கொத்துக் கொத்தாக வந்தால் அது மூன்றாவது வகை, பெரும்பாலும் தானாக நின்றுவிடும், நிற்காவிட்டால் ரத்தத்தில் இரும்புச்சத்தையும் தைராய்டையும் பார்க்க வேண்டும்.

பரம்பரைச் சொட்டையோடு உலகம் ரொம்ப காலமாக மல்லுக்கட்டுகிறது. கி.மு. 1550 வாக்கில் எழுதப்பட்ட எகிப்தின் ஈபர்ஸ் பாப்பிரஸ் என்ற மருத்துவச் சுவடி, சிங்கம், நீர்யானை, முதலை, பூனை, பாம்பு, காட்டாடு எல்லாவற்றின் கொழுப்பையும் கலந்து பூசச் சொல்கிறது. முதலைக்கு நாம் அமராவதி அணைப் பண்ணைக்குப் போகலாம், நீர்யானைக்கு எங்கே போவது? ஜூலியஸ் சீசர் இருந்த முடியை முன்பக்கம் வாரி, மேலே இலைக் கிரீடம் வைத்து மறைத்துக்கொண்டார். கிரேக்கர்கள் மட்டும் உருப்படியாக ஒன்றைக் கவனித்தார்கள், காயடிக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்று. அதையே பிடித்துக்கொண்டு 1942ல் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்கர் ஆண் ஹார்மோன்தான் இதற்குப் பின்னால் இருக்கிறது என்று காட்டினார். ஆக, இந்த வகைக்கு எந்த எண்ணெயும் எந்தச் சாறும் முடி முளைக்க வைக்காது. மினாக்சிடில் பூசலாம், ரத்தக் கொதிப்புக்குக் கொடுத்த மாத்திரையால் உடம்பெல்லாம் முடி வளர்ந்ததைப் பார்த்து வந்த மருந்து அது, 1988ல் அமெரிக்காவில் வழுக்கைக்கு அனுமதித்தார்கள். நிறுத்தினால் சில மாதங்களில் பழையபடி கொட்டும், டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

சரி, வெங்காயம் யாருக்கு? புழுவெட்டுக்காரருக்கு. நம் பாட்டிகள் சொன்னது போலவே கிரேக்க மருத்துவர் டயோஸ்கோரிடீசும் முதல் நூற்றாண்டிலேயே சொல்லியிருக்கிறார். 2002ல் வெளியான ஈராக் ஆய்வு ஒன்றில் தினம் இரண்டு வேளை வெங்காயச் சாறு பூசிய 23 பேரில் 20 பேருக்கு ஆறு வாரத்தில் முடி வந்தது, வெறும் தண்ணீர் பூசியவர்களில் சிலருக்கே வந்தது. சின்ன ஆய்வு, புழுவெட்டு தானாகவும் ஆறும், அதையும் மனதில் வையுங்கள். நாலைந்து சின்ன வெங்காயத்தைத் தட்டித் துணியில் பிழிந்து, முதலில் முன்கையில் தடவி ஒரு நாள் பாருங்கள், எரிச்சலோ தடிப்போ இல்லையென்றால் திட்டின் மேல் மட்டும் பூசுங்கள். மிளகும் உப்பும் சேர்த்துத் தோல் சிவக்கத் தேய்ப்பவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை, புண்ணாகிவிடும்.

எண்ணெய் இருக்கிற முடியைக் காப்பாற்றத்தான். தேங்காய் எண்ணெய் முடிக்குள் இறங்கிப் புரதம் போவதைக் குறைக்கிறது என்று 2003ல் ஓர் ஆய்வு வந்தது. காங்கேயம் பக்கத்துச் செக்கெண்ணெய் அரை லிட்டரை இரும்பு வடச்சட்டியில் ஊற்றி, வாய்க்கால் ஓரம் கிடைக்கும் கரிசலாங்கண்ணி ஒரு பிடி, கறிவேப்பிலை ஒரு பிடி இரண்டையும் அலசி, ஈரம் போக உலர்த்தி, அரைத்துப் போட்டு சிறு தீயில் காய்ச்சுங்கள். சடசடப்பு அடங்கினால் பதம், அதற்கு மேல் விட்டால் கருகிவிடும். ஆறியதும் வடிகட்டுங்கள்.

தேய்த்து அரை மணி நேரம் கழித்து அரப்பு (உசிலை இலைப் பொடி). ஷாம்பு மாதிரி நுரைக்காதே என்று அள்ளி அள்ளிப் போட வேண்டாம், மூன்று கரண்டிப் பொடியை வெதுவெதுப்பான வடிகஞ்சியில் குழைத்தால் போதும். சீனாவின் ஹுவாங்லுவோ கிராமத்து யாவ் இனப் பெண்கள் புளித்த அரிசித் தண்ணீரில்தான் முடி அலசுகிறார்கள், எங்கள் அம்மாயி அவர்களைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார், ஆனாலும் கஞ்சியைக் கொட்ட விடமாட்டார். கண்ணை இறுக மூடிக்கொள்ளுங்கள், அரப்பு பட்டால் அந்த எரிச்சல் லேசில் போகாது, நிறையத் தண்ணீர் விட்டுப் பொடி போகும்வரை அலசுங்கள்.

திட்டில் செதிலும் அரிப்பும் இருந்தால், அதுவும் குழந்தைகளுக்கு என்றால், அது படையாக (பூஞ்சைத் தொற்று) இருக்கும். வெங்காயம், எண்ணெய் எதுவும் வேண்டாம், அதற்கு உள்ளுக்கு மாத்திரை வேண்டும், நேராகத் தோல் டாக்டரிடம் போய்விடுங்கள்.