சிறகு கிழிந்த வண்ணத்துப்பூச்சியை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது எப்படி?

நன்றாகப் பறக்கும் பூச்சியைப் பிடித்து வந்து அடைத்து வைப்பதற்கான குறிப்பு அல்ல இது. சிறகு கிழிந்து எழ முடியாமல் கிடப்பவை, கூட்டிலிருந்து வந்தும் சிறகு சரியாக விரியாதவை, இவற்றுக்கு மட்டும். ஓரம் பிய்ந்திருந்தும் பறக்கிறதா? விட்டுவிடுங்கள். பிய்ந்த சிறகு மறுபடி வளராது. அடைத்து வைத்தால் ஆறிவிடும் என்பதெல்லாம் இல்லை.

1. எடுப்பது

முன்னங்கால்களுக்கு எதிரே விரலை நீட்டினால் பெரும்பாலும் தானே ஏறிக்கொள்ளும். ஏறாவிட்டால், சிறகுகள் முதுகின் மேல் மூடியிருக்கும் நேரம் பார்த்து, உடம்பையொட்டி மெல்லப் பிடியுங்கள்.

2. தங்குமிடம்

கண்ணாடி ஜாடி வேண்டவே வேண்டாம். காலுக்குப் பிடிமானமே இருக்காது. அழுக்குத் துணி போடும் மடக்கு வலைக்கூடைதான் என் தேர்வு. மேலே ஒரு வலைத்துணி, அடியில் டிஷ்யூ காகிதம், போதும். வெளிச்சம் வரும் இடத்தில் வையுங்கள், நேர் வெயிலில் வேண்டாம். குளிர்ந்த அறையில் அசையாமல் இருந்தால் பயப்படாதீர்கள். உடம்பு சூடேறினால்தான் அதன் பறக்கும் தசைகள் வேலை செய்யும்.

3. ஊட்டுவது

நான் கோட்டை விட்டது இங்கேதான். ஒரு கிண்ணத்தில் சர்க்கரைத் தண்ணீரை வைத்துவிட்டு இரண்டு நாள் காத்திருந்தேன். பூச்சி அதன் பக்கம் திரும்பவே இல்லை. அப்புறம்தான் புரிந்தது, வண்ணத்துப்பூச்சி காலால் ருசி பார்க்கும். கால் ஈரத்தில் படாதவரை அதற்கு அங்கே சாப்பாடு இருப்பதே தெரியாது.

ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரை, பத்துப் பங்கு தண்ணீர். கொதித்து ஆறிய தண்ணீராக இருக்கட்டும். செயற்கை இனிப்பில் சத்து கிடையாது, அது கூடாது. மடித்த டிஷ்யூவை இதில் நனைத்து, அதன்மேல் பூச்சியை நிற்க வையுங்கள். பலர் பஞ்சு வைக்கிறார்கள். எனக்குப் பிடிக்காது, கால் நகம் இழையில் மாட்டிக்கொள்கிறது. ஆழமான கிண்ணமும் ஆபத்து, சிறகு நனைந்து ஒட்டிவிடும்.

சில நொடிகளில் சுருண்ட உறிஞ்சுகுழல் தானே நீளும். நீளாவிட்டால் ஒரு குண்டூசியை அந்தச் சுருளின் நடுவில் நுழைத்து, மெதுவாகக் கீழே இழுத்து, நுனியை ஈரத்தில் தொட வையுங்கள். முதல் தடவை எனக்குக் கை நடுங்கியது. பூச்சி காலால் ஊசியைத் தள்ளினால் விட்டுவிடுங்கள், ஐந்து நிமிடம் கழித்துப் பார்க்கலாம். ருசி தெரிந்துவிட்டால் ஊசியை எடுத்த பிறகும் குடித்துக்கொண்டே இருக்கும். நாளுக்கு ஒரு தடவை போதும். முடிந்ததும் வெறும் தண்ணீரில் நனைத்த டிஷ்யூவில் நடக்க விடுங்கள். காலில் பிசுபிசுப்பு காயக்கூடாது.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்ட இரண்டு கேள்விகள். "நாலு கால்தான் இருக்கிறது, ரெண்டு ஒடிந்துவிட்டதா?" இல்லை, பல இனங்களில் முன்னங்கால் ஜோடி குறுகி நெஞ்சோடு ஒட்டியிருக்கும். விரலை அடுத்த ஜோடிக்கு எதிரே நீட்டுங்கள். "புதிதாக வெளிவந்த பூச்சியிலிருந்து சிவப்பாக வடிகிறது, ரத்தமா?" அதுவும் இல்லை, கூட்டுப்புழுப் பருவத்தில் சேர்ந்த கழிவு. அந்தப் பூச்சியைச் சிறகு காயும்வரை சில மணி நேரம் தொடவே தொடாதீர்கள், உணவும் அப்புறம்தான்.