டப் அடிக்கும் தகடு: சுருக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அம்பாசடர் பானெட்டையோ பத்மினி கதவையோ அழுத்தினால் ‘டப்’ என்று உள்ளே போகிறது, கையை எடுத்தால் ‘டப்’ என்று வெளியே வருகிறது. தகடு நீண்டுவிட்டது என்று நினைத்து, அதைச் சூடாக்கிச் சுருக்க உடனே கேஸ் டார்ச்சைப் பற்றவைப்பதுதான் முதல் தவறு. சத்தம் வரும் இடத்தில்தான் தகடு இழுபட்டு நீண்டிருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

சொட்டையின் ஓரத்தில் நிமிராத மடிப்பு ஒன்று இருந்தால், அது பக்கத்துத் தகட்டை இறுக்கிப் பிடித்து உப்ப வைக்கும். மடிப்பை டாலி (தகட்டுக்குப் பின்னால் கையில் பிடிக்கும் இரும்புக் கட்டி) வைத்து நிமிர்த்தினாலே உப்பல் அடங்கிவிடும். அதைக் கவனிக்காமல் நல்ல தகட்டில் ஹீட் கொடுத்தால், பின்னால் மடிப்பை எடுக்கும்போது தகடு போதாமல் குழி விழும்.

வெல்டிங்கிலும் இதே ஏமாற்று உண்டு. துருப்பிடித்த கதவடியை வெட்டிப் புதுத் தகடு வைத்து ஒட்டிய பிறகு, வெல்டிங் கோட்டுக்கு மேலே தகடு உப்பும். அங்கே இழுபட்டது எதுவும் இல்லை. வெல்டிங் கோடுதான் ஆறும்போது சுருங்கியிருக்கிறது. கோட்டை இருபுறமும் தகட்டு மட்டத்துக்குத் தேய்த்து, அடியில் டாலி கொடுத்துத் தட்டி நீட்ட வேண்டும். உப்பலைச் சுருக்கப் போனால் கதவு முழுக்க அலை அலையாகிவிடும். பழைய வண்டிகளில் அதிகம் கெடுவது இங்கேதான்.

நிஜமாகவே இழுபட்ட இடம் என்றால், சுத்திக்கும் டாலிக்கும் நடுவே பலமாக அடிபட்டு மெலிந்த இடம். அதன் உச்சியைக் கட்டை விரலால் தேடி, சாக்பீஸில் குறித்துக்கொள்ளுங்கள். வெயிலில் நிற்கும் வண்டியில் தேடாதீர்கள். சேலத்துச் சித்திரை வெயிலில் மேல்தகடு காயும் அளவுக்கு அடிச்சட்டம் காயாது. ஒரு மீட்டர் தகடு 30 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் கிட்டத்தட்ட 0.36 மி.மீ. நீளும். காலையில் சும்மா இருந்த பானெட் மதியம் டப் அடிக்க அது போதும்.

நிழல் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வெயிலில் மங்கிய சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. நிறம் தெரியும்வரை காய்ச்சினால் தகடு எப்போதோ எல்லை தாண்டியிருக்கும்.

ஹீட் கொடுக்கும் புள்ளி சட்டைப் பொத்தான் அளவு, 10 முதல் 12 மி.மீ. இருந்தால் போதும். டார்ச்சில் சின்ன டிப் (முனை), மங்கிய சிவப்பு, சுமார் 700 டிகிரி. சூடான புள்ளி விரியப் பார்க்கும். சுற்றியுள்ள குளிர்ந்த தகடு விடாது. அதனால் புள்ளி தடித்துக்கொள்ளும், ஆறும்போது சுற்றியுள்ளதை உள்ளே இழுக்கும். சுருக்கம் வருவது இப்படித்தான். உள்ளங்கை அளவுக்குக் காய்ச்சினால் பிடித்து நிறுத்தக் குளிர்ந்த தகடே இருக்காது, மொத்தமும் நெளிந்து போகும்.

சிவந்த புள்ளி மேலெழும். அடியில் டாலியைத் தொட்டாற்போல் பிடித்து, புள்ளியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி லேசாகத் தட்டுங்கள். சிவப்பு மறைந்ததும் சுத்தியை நிறுத்திவிட வேண்டும். ஆறிய தகட்டை டாலி மேல் அடித்தால் சுருக்கியதை மறுபடி நீட்டுகிறீர்கள். தகட்டை ஆற்ற வைக்கும் ஈரத்துணியும் சிவப்பு மறைந்த பிறகே. செந்தணலில் தண்ணீர் பட்டால் தகடு வெடுக்கென்று இழுத்துத் தேவைக்கு மேல் சுருங்கும்.

பொறுமை வேண்டியது இதற்குப் பிறகுதான். இரண்டு மூன்று புள்ளிக்கு ஒருமுறை நிறுத்தி, தகடு கைச்சூட்டுக்கு வந்த பிறகே தடவிப் பாருங்கள். சூடாக இருக்கும்போது எந்த உப்பலும் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். அதை நம்பி அடுத்த புள்ளி வைப்பதால்தான் உப்பல் குழியாகிறது. டப் சத்தம் நின்றுவிட்டால் அங்கே வேலை முடிந்தது.

டார்ச்சுக்குப் பதில் சுருக்கும் டிஸ்க் (கிரைண்டரில் மாட்டி, உரசும் சூட்டிலேயே தகட்டைச் சுருக்கும் வழவழப்பான தட்டு) பயன்படுத்துவோர் அதை ஒரே இடத்தில் அழுத்தக் கூடாது. உயர்ந்த இடங்களை மட்டும் உரசிவிட்டு உடனே ஈரத்துணி போடுங்கள். நான்கு அங்குல கிரைண்டரின் கவசத்தைக் கழற்றிப் பெரிய டிஸ்க்கை மாட்டுவது உயிருக்கே ஆபத்து. உப்பலைக் கிரைண்டரால் தேய்த்து மட்டமாக்குவதும் வேண்டாம். 20 கேஜ் தகடு 0.9 மி.மீ.தான், தேய்த்த இடம் மேலே பூசும் பட்டிக்கு அடியில் டின் மாதிரி துள்ளும், ஒரு மழைக்காலத்தில் பட்டி வெடிக்கும்.

எஸ்டேட் லேண்ட் ரோவர் வந்தால் முதலில் காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்டாவிட்டால் அலுமினியமாக இருக்கலாம். அலுமினியம் சிவக்காது, சிவக்கும் என்று காத்திருந்தால் 660 டிகிரிக்குள்ளேயே உருகி ஓட்டை விழும்.

பழைய பட்டி, பெயின்ட், அடியில் பூசிய தார், உள்ளே ஓடும் ஒயர் எல்லாவற்றையும் எடுத்த பிறகே நெருப்பு. பெட்ரோல் டேங்கைக் கழற்றி வெளியே வைத்துவிடுங்கள்.

ஏற்காடு பனியில் வெறும் தகடு ஒரே ராத்திரியில் துரு பூக்கும். ஈரத்துணி பட்ட இடத்தை இருபுறமும் துடைத்து, ஹீட் கன்னில் லேசாக உலர்த்தி, அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் அடித்துவிட்டுத்தான் ஷெட்டைப் பூட்ட வேண்டும்.