ஸ்நாட்ச் பழகுகிறீர்களா? போனைப் பக்கவாட்டில் வையுங்கள்

பளுதூக்குதலில் எடையைத் தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்நாட்ச்சைப் பழகும்போது கண்ணாடியை நம்ப வேண்டாம். நேர் எதிரே பார்த்தால் பார் (எடைத் தட்டுகளை மாட்டும் கம்பி) உடலைவிட்டு முன்னால் விலகுவது தெரியாது. போனைப் பக்கவாட்டில், இடுப்பு உயரத்தில் வைத்து வீடியோ எடுங்கள். முழங்காலைத் தாண்டியதும் பார் தொடையை ஒட்டி வருகிறதா, முழங்கை முன்கூட்டியே மடங்குகிறதா என்று ஸ்லோமோஷனில் பாருங்கள். புதிதாகப் பழகுபவர்களுக்குப் பெரும்பாலும் கைதான் அவசரப்படும். கட்டைவிரலைப் பாரோடு சேர்த்து, அதன்மேல் மற்ற விரல்களை மடக்கும் ஹுக் கிரிப்பையும் முதல் நாளிலிருந்தே பழகுங்கள். ஆரம்பத்தில் வலிக்கும், போகப்போகச் சரியாகிவிடும்.

நோட்டில் எடை, எத்தனை முறை என்பதோடு "பார் விலகியது", "முன்னால் குதித்தேன்" என்று ஒரு வரியும் எழுதுங்கள். பாரின் எடையைச் சேர்க்க மறக்காதீர்கள்: ஆண்களுக்கானது 20 கிலோ, பெண்களுக்கானது 15. ஒரே தவறு தொடர்ந்தால் எடையைக் குறைத்துவிடுங்கள்.