லார்ஜ்மவுத் பாஸ் ஏன் ஏரிக்கு ஏரி கலர் மாறுது? நிறத்த பாத்து நம்ம பண்ற தப்புகள்

லார்ஜ்மவுத் பாஸ்ங்கறது வட அமெரிக்காவுல தூண்டில்காரங்க தேடிப்போற ஒரு நன்னீர் மீன். தண்ணிச்செடி நெறைய இருக்கற தெளிஞ்ச ஏரில புடிச்சது கரும்பச்சையா, பக்கவாட்டுல திட்டுத்திட்டா கருப்பு பட்டையோட இருக்கும். மழை பெஞ்சு கலங்குன குளத்துல புடிச்சது வெளிறிப்போய், பட்டை இருக்கா இல்லையான்னே தெரியாது. ரெண்டையும் பக்கத்துல வச்சா வேற வேற மீனுன்னு தான் தோணும், முதல் தப்பு அங்கதான் ஆரம்பிக்குது.

கலர வச்சு இனத்த முடிவு பண்ணவே கூடாது. வாய மூடி பாருங்க, மேல்தாடையோட பின்முனை கண்ண தாண்டி போச்சுன்னா லார்ஜ்மவுத், அதோட சொந்தக்கார இனமான ஸ்மால்மவுத் பாஸுக்கு அது கண்ணுக்கு கீழேயே நின்னுடும். முதுகுத்துடுப்புல முள்ளு பகுதிக்கும் மெத்து பகுதிக்கும் நடுவுல ஆழமா வெட்டு விழுந்து கிட்டத்தட்ட ரெண்டா பிரிஞ்ச மாதிரி இருந்தா அதுவும் லார்ஜ்மவுத் அடையாளம் தான். எந்த தண்ணில வளந்தாலும் இது ரெண்டும் மாறாது.

நிறம் மாறுறதுக்கு காரணம் தோல்ல இருக்கற நிறமி செல்லுங்க. மெலனோஃபோர்னு ஒரு செல், அதுக்குள்ள கருப்பு துகள் பரவுனா மீன் கருக்கும், நடுவுல ஒண்ணா குவிஞ்சா வெளிறும். இத நரம்பும் ஹார்மோனும் சேந்து பாத்துக்குது, அதனால சில நிமிஷத்துலயே கூட மாற்றம் தெரியும். அதே சூழல்ல வாரக்கணக்கா இருந்தா செல்லோட எண்ணிக்கையே கூடும் குறையும், அந்த நிறம் சட்டுனு போகாது. இதுக்கெல்லாம் உத்தரவு கண்ணுல இருந்து தான் போகுது, மேல இருந்து வர்ற வெளிச்சம் எவ்ளோ, அடித்தரைல பட்டு திரும்பி வர்றது எவ்ளோன்னு பாத்து தோல் தன்ன சரி பண்ணிக்குது. பார்வை போன மீனு வெள்ளை மணல் மேல கூட கருப்பாவே திரியறதுக்கு இதான் காரணம்.

ரொம்ப பேர் விழற குழி இன்னொண்ணு இருக்கு, "தண்ணி தெளிவா இல்லன்னா மீன் வெளிறிடும்"னு பொதுவா சொல்லிடறது. கலங்கல்ல ரெண்டு வகை இருக்குங்க. களிமண் கலந்த தண்ணில மிதக்கற மண்ணுத்துகள் வெளிச்சத்த எல்லா பக்கமும் சிதறடிக்குது, மீன சுத்தி எங்க பாத்தாலும் வெளுப்பு தான், அதனால மீனும் வெளுக்குது. ஆனா அமெரிக்காவோட ஜார்ஜியா மாநிலத்துல இருக்கற ஓக்கிஃபினோக்கி சதுப்பு, அங்கருந்து ஃப்ளோரிடாவுக்குள்ள ஓடற சுவானி ஆறு, இங்கெல்லாம் இலைதழை ஊறி டானின் இறங்கி தண்ணி டிக்காஷன் மாதிரி இருக்கும். அது வெளிச்சத்த சிதறடிக்காம உறிஞ்சிடுது, சுத்தி எல்லாம் இருட்டு, அங்க வளர்ற பாஸ் கருகருன்னு இருக்கும். ரெண்டு தண்ணிலயும் கைய விட்டா சீக்கிரம் மறைஞ்சிடும், மீனோட நிறம் மட்டும் நேரெதிர். தண்ணி எவ்ளோ தெரியுதுன்னு மட்டும் பாக்காம, எதனால மங்கலா இருக்குன்னு பாருங்க.

ஆழத்துல இருட்டு, அதனால மீன் கருப்பா இருக்கும்னு நெனைக்கறதும் சரியில்ல, ஆழத்துல இருந்து ஏத்தற பாஸ் பெரும்பாலும் வெளிறி தான் வரும். செடி ஓரமா ஆழமில்லாத எடத்துல நல்லா வெளுத்த மீன் ஒண்ணு மாட்டுச்சுன்னா அது இப்பதான் ஆழத்துல இருந்தோ கலங்கல்ல இருந்தோ ஏறி வந்துருக்கலாம். தூண்டில் போடறவங்களுக்கு இது ரொம்ப உபயோகமான துப்பு, என்ன கேட்டா நிறத்தால கெடைக்கற பெரிய லாபமே இதான்.

ஆனா அதுக்கு மீன் தண்ணிய விட்டு வந்த அந்த நிமிஷத்து நிறத்த பாக்கணும். லைவ்வெல்ல, அதாவது புடிச்ச மீன உயிரோட வச்சிருக்கற படகுத் தொட்டில, போட்டு கொஞ்ச நேரம் கழிச்சு மூடிய தெறந்து பாருங்க, உள்சுவர் வெள்ளையா இருந்தா கரும்பச்சையா உள்ள போன மீன் மங்கலாகி, பட்டையோட விளிம்பெல்லாம் கரைஞ்சு கெடக்கும். அப்புறம் எடுக்கற ஃபோட்டோ லைவ்வெல்லோட நிறத்த தான் காட்டும், ஏரியோடத இல்ல.

தங்க மஞ்சள்ல எப்பவாச்சும் ஒண்ணு வரும், அது தண்ணியால வர்றது இல்ல, மரபணு விஷயம், ரொம்ப அபூர்வம்.

கடைசியா நோய். வெளிறி இருக்குங்கறதுக்காக மட்டும் சீக்குன்னு சொல்லிடாதீங்க, புண்ணு, ஒட்டுன வயிறு, பூத்துப்போன கண்ணு இதெல்லாம் இருக்கான்னு பாருங்க. அதே மாதிரி உடம்புலயும் துடுப்புலயும் உதட்டுலயும் மை கொட்டுன மாதிரி தாறுமாறா கருப்பு திட்டு இருந்தா அத "இந்த தண்ணி அப்படி"ன்னு விட்றாதீங்க. அமெரிக்க புவியியல் ஆய்வுத்துறை ஆளுங்க இந்த திட்டுக்கும் அடோமாவைரஸுன்னு ஒரு வைரஸுக்கும் தொடர்பு இருக்கறத கண்டுபுடிச்சிருக்காங்க. தண்ணியால வர்ற கருப்பு மீன் முழுக்க சீரா ஏறும், இது அங்கங்க விளிம்பு வெட்டுன மாதிரி நிக்கும். பாத்தீங்கன்னா ஃபோட்டோ எடுத்து அந்த மாநில மீன்வளத்துறைக்கு அனுப்புங்க.